பதினாலாயிரத்துக்கு வாங்கிய விரல்கள்

பன்னிரண்டு எம்.எம். கம்பி
மீட்டருக்கு எண்ணூற்றி எண்பத்தெட்டு கிராம்.
குடியாத்தத்தில் நிறுத்தாலும் அதே,
கோலாரில் நிறுத்தாலும் அதே.
முப்பது வருஷமாய் அதை விற்கிறவன்
மனுஷனையும் அப்படித்தான் வாங்கினேன்.

வாஜித்தைப் பேரணாம்பட்டு டீமில் பார்த்தது
மாதனூரில், மாசி மாதம், பாலாற்று மணலில்.
நாலு கம்பத்தில் லைட். கமெண்ட்ரிக்காரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
பந்து அவன் விரலுக்கு வரும்,
வந்த சத்தம் கேட்காது.
முன்னால் ஒருத்தன் எகிறுவான், பின்னால் ஒருத்தன்.
பிளாக் போட்ட மூன்று பேரும்
ஏமாந்து ஒரு பக்கமாய்த் தொங்க
மறுபக்கம் வெறும் வலை.
அடி.
நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை அவனுக்கு.
அதைத்தான் திறமை என்று எடை போட்டேன்.

பதினாலாயிரம். பஸ் சார்ஜ் தனி.
தோல் ஷெட்டில் ஷிப்ட் மாற்றிக் கொடுக்க
மேஸ்திரி வீட்டுக்கு இரண்டு மூட்டை சிமெண்ட்.

பள்ளிகொண்டாவில் முதல் மேட்ச்.
எங்கள் பையன்கள் சர்வீஸை வாங்குவது
பந்தியில் சாம்பார் வாளியை இடித்த மாதிரி.
எங்கே தெறிக்கும் என்று பந்துக்கே தெரியாது.
வாஜித் ஓடினான், ஓடினான்.
எட்டிப் பிடித்துத் தூக்கியதெல்லாம்
இடது ஓரத்துக்குத்தான் போக முடிந்தது, உயரமாய்.
எதிராளி டீ குடித்துவிட்டு வந்து தடுக்கலாம்.
தடுத்தான்.
கூட்டத்தில் ஒரு குரல்:
"கம்பிக் கடைக்காரரே,
செட்டர் கேட்டா ஷட்டர் வாங்கிட்டு வந்திருக்கீங்க!"

அதே ராத்திரி பக்கத்துக் கோர்ட்டில் பேரணாம்பட்டு.
வாஜித் இடத்தில் ஒரு பாலிடெக்னிக் பையன்,
மீசை இன்னும் சம்மதிக்கவில்லை.
முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன்,
வெறும் வலை, அடி.
வியர்க்காத நெற்றியும் அதேதான்.

அப்போதுதான் பின்வரிசையைப் பார்த்தேன்.
வேறு நிறச் சட்டையில் ஒரு குள்ளன்.
எத்திராஜ். போஸ்டரில் பேர் கிடையாது.
எந்தச் சர்வீஸ் வந்தாலும் முட்டி மடக்கி
கடன் கேட்டு வந்தவனை உட்காரவைக்கிற மாதிரி
வலையோரம் ஒரே இடத்தில் இறக்கி வைக்கிறான்.
எண்ணூறு ரூபாய், ஒரு பிரியாணி.

பொய்கைச் சந்தையில்
ஜோடியில் ஒற்றை மாட்டை மட்டும் ஓட்டி வந்தவன்
வண்டி ஏன் கோணிக்கொண்டு போகிறது என்று
மாட்டை அடித்தானாம்.
நான் அடிக்கவில்லை.
பேட்டாவைக் குறைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்.
இரண்டாவது செட். பத்தொன்பது, இருபத்திரண்டு.
எங்கள் ரிசீவ் ஸ்கோரர் மேசையைத் தாண்டி
ஜெனரேட்டர் பக்கம் பறக்கிறது.
வாஜித் முதுகைக் காட்டி ஓடினான்,
கயிறு காலைத் தட்டியது,
விழுந்துகொண்டே தலைக்குப் பின்னால் தள்ளினான்.
பந்து இருட்டுக்குள் போய் வெளிச்சத்துக்குள் வந்து
வலையின் வலது முனையில் நின்றது.
நின்றது என்றுதான் சொல்வேன்.
எங்கள் ஜெயசீலனுக்கு எகிறவே மறந்துபோச்சு.
புள்ளி அவர்களுக்கு.

பேரணாம்பட்டில் ஐந்து வருஷம்
அப்படி ஒரு பந்தைத் தூக்க
அவனுக்கு அவசியமே வந்ததில்லை.
என்ன விலை அதற்கு?
ஸ்கோர் ஷீட்டில் கட்டம் தேடினேன், இல்லை.

சீசன் முடிந்து கணக்குத் தீர்க்கக் கடைக்கு வந்தான்.
முழங்கைச் சிராய்ப்பு கறுத்துக் கிடந்தது.
கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்ததும் போன்.
ஆரணிக்காரர்கள்.
ஏழாயிரம் என்கிறார்கள், எனக்கே கேட்கிறது.
அவன் தொகையைப் பற்றிப் பேசவில்லை.
"ரிசீவ் யாரு?" என்றான்.

அவர்கள் சொன்ன பேர்
என் காதில் விழவில்லை.
வாசலில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது,
ஒவ்வொரு கம்பியும்
தன் எடையைத் தரையிடம் சொல்லியபடி.